நாற்பதாம் வருஷ நடை

டாலஸிலிருந்து வந்த பேருந்தின் படியில் முதலில் ஒரு கைத்தடி இறங்கியது, அதன் பின்னால் ஒரு வெள்ளைச் செருப்பு, அதன் பின்னால் கார்லீன். எல்னோராவுக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. நேரில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லைதான். ஆனால் அந்த மூக்கும், மோவாயும், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உலகத்தையே விலை கேட்பதுபோல் பார்க்கும் அந்தப் பார்வையும் அவளுக்கு மனப்பாடம். நடனக்கூடத்துச் சுவரில் அவள் படம் தொங்குகிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைத் தாண்டித்தான் அவள் போய்வருகிறாள், ஒவ்வொரு சனிக்கிழமையும் வயிறு ஒரு தடவை எரிந்து அடங்குகிறது.

லிண்டன்தாலில் கோடையில் துப்பாக்கித் திருவிழா நடக்கும். யார் குறி தவறாமல் சுடுகிறானோ அவன் அந்த வருஷத்து ராஜா. அவன் கழுத்தில் வெள்ளிச் சங்கிலியைப் போட அவனே ஒரு பெண்ணைக் கூப்பிட வேண்டும். அதோடு விட்டிருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு எதையும் அதோடு விடத் தெரியாது. நாற்பது வருஷம் கழித்து, ராஜா உயிரோடிருந்தால், சங்கிலி போட்ட அதே பெண்ணோடு கைகோத்து நடனக்கூடத்தை ஒரு சுற்று வர வேண்டும். ஊரே அவர்களுக்குப் பின்னால் ஜோடி ஜோடியாக நடக்கும். ராஜா இதற்கிடையில் வேறொருத்தியைக் கட்டியிருந்தால் அவள் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும். இந்த வழக்கத்தை ஏற்படுத்தினவன் நிச்சயமாகக் கல்யாணம் ஆகாதவன்.

எல்னோராவின் கணவர் வில்பர்ட் ராஜாவானபோது அவருக்கு இருபத்தெட்டு வயது. சங்கிலி போட்டவள், பள்ளிக்கூடத்தில் அவரோடு ஒரே வகுப்பில் படித்த கார்லீன். அப்போது எடுத்ததுதான் நடனக்கூடத்துப் படம். அடுத்த அறுவடைக்கு முன்பே அவள் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு டாலஸுக்குப் போய்விட்டாள். பிறகுதான் பக்கத்து ஊரிலிருந்து எல்னோரா வந்தாள். நல்ல மனிதர்தான் வில்பர்ட். பள்ளிப் பேருந்து ஓட்டினார், குடிக்க மாட்டார், கைநீட்ட மாட்டார். கார்லீனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுதான் எல்னோராவுக்கு ஆறவில்லை. ஒரு தடவையாவது அந்தப் பெண்ணைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இன்னொருத்தி வேண்டாமென்று தள்ளிவிட்டுப் போன தட்டில்தான் தான் இத்தனை காலமும் சாப்பிடுகிறோம் என்ற நினைப்பு அவளை விட்டுப் போகவேயில்லை.

இந்த வருஷம் நாற்பது. வசந்தத்திலேயே விழாக் குழுவின் தலைவி லாவெர்ன் பேச்சை எடுத்தாள், கார்லீனை யாராவது போனில் கூப்பிட்டு அழைக்க வேண்டும் என்று.

"நானே கூப்பிடுறேன். நான் கூப்பிட்டாத்தானே மரியாதை" என்றாள் எல்னோரா.

எவ்வளவு பெரிய மனசு என்று எல்லோரும் மெச்சினார்கள். பெரிய மனசுக்காரி போனைத் தொடக்கூட இல்லை. ஒரு வாரம் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய், "பாவம், படுத்த படுக்கையாக் கிடக்கிறாளாம்" என்று சொன்னாள். சங்கிலி போட்டவளால் வர முடியாவிட்டால் ராஜா மனைவியோடு நடக்கலாம். எல்னோரா நீலத்தில் ஒரு கவுன் தைத்துக்கொண்டாள். இன்று சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டு, அந்தப் படத்துக்கு நேர் கீழே, வில்பர்ட்டின் கையைப் பிடித்து ஊருக்கு முன்னால் நடக்க வேண்டும். வாழ்க்கையில் அவள் அதிகமாக எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்டாள்.

இப்போது படுத்த படுக்கைக்காரி கறுப்புக் கண்ணாடியும் பெரிய தொப்பியுமாகப் பேருந்திலிருந்து இறங்கி, சுற்றுலா வந்த பெண்களோடு வரிசையில் நிற்கிறாள். அந்த வரிசைக்கு ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டியவள் எல்னோரா.

"எல்லாரும் வாங்க, இந்தப் பக்கம்" என்றாள் எல்னோரா. விழா நாள்களில் வழிகாட்டிகள் அந்தக் காலத்துக் குடியானவப் பெண் வேஷம் போடுவார்கள். தரையைப் பெருக்கும் பாவாடைக்குள்ளும் கழுத்துவரை கட்டிய துணித்தொப்பிக்குள்ளும் அவளுக்கு ஏற்கெனவே வியர்த்து ஒழுகியது.

வழக்கமாக நடனக்கூடத்தில்தான் தொடங்குவாள். இன்று அந்தத் தெருவையே ஒதுக்கினாள். அங்கே லாவெர்ன் சாசேஜ் கடை போட்டிருக்கிறாள், கழுகுக் கண்ணுக்காரி. அதனால் கொல்லன் பட்டறை, பழைய தபாலாபீஸ் என்று வெயிலில் அலையவிட்டாள். பேருந்து ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். அதுவரை தாக்குப்பிடித்தால் போதும்.

கார்லீன் சும்மா வந்தாளா என்றால் அதுவும் இல்லை. எல்னோரா ஒன்று சொன்னால் பின்னாலிருந்து அவள் ஒன்று சொன்னாள்.

"அந்தக் கிணறு இங்க இல்லம்மா, அந்த ஓரத்துல இருந்துச்சு" என்றாள் பக்கத்துப் பெண்களிடம். "நான் இந்த ஊர்ப் பொண்ணு. எனக்குத் தெரியாதா?"

பெண்கள் எல்னோராவை விட்டுவிட்டு அவளைச் சுற்றி நின்றுகொண்டார்கள். இங்கேயும் பறித்துக்கொண்டாளே என்று எல்னோரா பல்லைக் கடித்தாள்.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை வீடு. ஒரே அறை, வெளியே ஏணி வைத்த ஒரு பரண். தூரத்துப் பண்ணைக்காரர்கள் சனிக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு சந்தைக்கு வந்து, இங்கே படுத்துறங்கி, ஞாயிறு தேவாலயத்துக்குப் போய்விட்டுத் திரும்புவார்கள். எல்னோரா அதை ஒப்பித்து முடித்ததும் பெண்கள் படம் பிடிக்க முற்றத்துக்குப் போனார்கள். கார்லீன் மட்டும் உள்ளே தங்கினாள். தொடக்கூடாது என்று கயிறு கட்டியிருந்த கட்டிலில், கயிற்றைத் தாண்டி, சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"வில்பர்ட் க்ராஸ்மன்னு ஒருத்தர் இந்த ஊர்ல. இருக்காரா?"

எல்னோரா அவிழாத கயிற்றை இழுத்துக் கட்டினாள். "தெரிஞ்சவரா?"

"தெரிஞ்சவராவா?" கார்லீன் சிரித்தாள். "மூணு வருஷம் என் பின்னாடியே சுத்தின மனுஷன். வீடு எங்கன்னு சொல்லேன், ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

"இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு?"

"சும்மாதான். என் பேரைக் கேட்டாலே அவருக்குக் காது ரெண்டும் செவந்துடும். இன்னும் செவக்குதான்னு பாக்கணும்."

முப்பத்தெட்டு வருஷம் அந்தக் காதுகளுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறாள் எல்னோரா. வெயிலில் சிவந்து பார்த்திருக்கிறாள், பனியில் சிவந்து பார்த்திருக்கிறாள். எல்னோரா என்ற பேரைக் கேட்டு ஒருநாளும் சிவந்ததில்லை. நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் இருந்தது.

"அவரு செத்துப்போயிட்டாரு" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

"என்னது?" கார்லீன் கண்ணாடியைக் கழற்றினாள். "எப்போ? கிறிஸ்துமஸுக்கு அவரு தங்கச்சி பேசினாளே, நல்லா இருக்காருன்னாளே."

"இன்னைக்குத்தான். காலையில." வாயைக் கொடுத்தாகிவிட்டது, இனி நிறுத்த முடியாது. "நெஞ்சுவலி."

"காலையிலேருந்து இங்கதான இருக்கோம். சாவு மணி அடிக்கலையே?"

"அது... திருவிழா நாளாச்சே. வந்தவங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு நாளைக்குத் தள்ளி வெச்சிருக்காங்க."

கார்லீனின் முகம் மாறியது. கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் குரல் கத்திபோல் வந்தது. "ஊர் மனுஷன் செத்துக் கெடக்கான், பீர் விக்கிறதுக்காக மணியை நிறுத்தி வெச்சிருக்கீங்களா? எங்க காலத்துல நாய்கூட இப்படிப் பண்ணாது."

கட்டிலை விட்டு எழுந்து, கைத்தடியைத் தட்டிக்கொண்டு, முற்றத்துப் பெண்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் தெருவில் இறங்கிப் போனாள்.

பேருந்தில் உட்கார்ந்து அழப் போகிறாள் என்று எல்னோரா நினைத்தாள். போகட்டும். பிறகு அதற்கும் எரிச்சல் வந்தது. வில்பர்ட்டுக்காக அழ இவள் யார்? அந்த மனுஷன் செத்தால் அழவேண்டியவள் நான். அதையும் இவள் முந்திக்கொள்கிறாள். ஒரு பொய்ச்சாவின் அழுகையைக்கூட விட்டுக்கொடுக்க மனசில்லாமல், மீதிப் பெண்களை அழைத்துக்கொண்டு அவள் பழைய சிறைச்சாலைக்குப் போனாள்.

சிறைச்சாலையின் கம்பிக்கதவைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. ஒன்று. நின்று நிதானமாக இன்னொன்று. காலையிலிருந்து மைதானத்தில் வெடித்துக்கொண்டிருந்த துப்பாக்கிகள் சட்டென்று அடங்கின.

"அது என்ன மணி?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"யாரோ இறந்துட்டாங்க" என்றாள் எல்னோரா. "எங்க ஊர்ல செத்தவங்களுக்கு எத்தனை வயசோ அத்தனை தடவை அடிப்போம். எண்ணினாலே பாதி ஊருக்கு ஆள் யாருன்னு தெரிஞ்சுடும்."

பெண்கள் சுவாரசியமாக எண்ண ஆரம்பித்தார்கள். எல்னோராவும் பழக்கத்தில் எண்ணினாள். முப்பது தாண்டியது. சரி, சின்ன வயசில்லை. ஐம்பது தாண்டியது. தெருக்கோடிக் கிழவியாக இருக்குமோ, அவளுக்குத் தொண்ணூறு இருக்குமே. அறுபது. அறுபத்தைந்து, அது எல்னோராவின் வயது. அறுபத்தாறு. அறுபத்தேழு. அறுபத்தெட்டு.

அடுத்தது அடிக்கவில்லை.

அறுபத்தெட்டு வில்பர்ட்.

கார்லீன் போய்ச் சொல்லியிருப்பாள் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. யாரோ ஒரு சுற்றுலாக்காரி சொன்னால் மணிக்காரர் ஹில்மர் கயிற்றைத் தொடுவாரா என்று இன்னொரு நினைப்பு அதை மிதித்துத் தள்ளியது. போன குளிர்காலத்தில்தான் வில்பர்ட்டின் இதயத்தில் குழாய் வைத்தார்கள். இன்று காலையில் சட்டை போடும்போது நெஞ்சைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். என்ன என்று கேட்காமல், சாயங்காலத்துக்கு ஷூவைத் துடைத்து வை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். சொல்லிவிட்டோம், பலித்துவிட்டது. என் வாய்தான் அந்த மனுஷனைக் கொன்றுவிட்டது.

சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு ஓடினாள். வேஷ உடுப்பில் பை கிடையாது, போன் காரில் கிடந்தது. பாவாடையை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வில்பர்ட் சுடப் போயிருந்த மைதானத்தைப் பார்த்து ஓடினாள். எதிரே இரண்டு பெண்கள் மூடி போட்ட பாத்திரங்களோடு வந்தார்கள். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, அதற்குள் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவளைக் கண்டதும் ஒருத்தி, "ஐயோ எல்னோரா" என்று அழுதாள். அவ்வளவுதான், அவளுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. கடவுளே, அவளோடயே நடக்கட்டும், அவளோடயே டாலஸுக்குப் போகட்டும், உயிரோடு இருந்தால் போதும் என்று மூச்சுக்கு மூச்சு வேண்டிக்கொண்டே ஓடினாள்.

மைதானத்துக்குப் போகும் வழி தேவாலயத்தைத் தாண்டித்தான். தேவாலயப் படிக்கட்டில் வில்பர்ட் நின்றுகொண்டிருந்தார். நிஜ வில்பர்ட், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மண்டை வியர்த்து, இரண்டு காலில்.

எல்னோரா கேட்டைப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அப்புறம்தான் அவருக்குப் பக்கத்தில் கார்லீன் நிற்பதைப் பார்த்தாள். அவருடைய ஒரு கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். வில்பர்ட்டின் காதுகள் சிவந்திருந்தன.

கடவுளிடம் சற்று முன் ஒப்புக்கொண்டதெல்லாம் அந்த நிமிஷமே காற்றில் போயிற்று.

"யாரோ எனக்கு மணி அடிக்கிறாங்கன்னு சொன்னாங்க" என்றார் வில்பர்ட், அவளைப் பார்த்ததும். "என்னன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"நான் என்னப்பா பண்றது?" ஹில்மர் வாசலில் கயிறு பிடித்த கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கார்லீன் அழுதுக்கிட்டே வந்து நிக்கிறா. வழிகாட்டிப் பொம்பளை சொன்னாங்கறா. நீயோ நெஞ்சுவலிக்காரன். நான் எதுக்குச் சந்தேகப்படணும்?"

"இந்தம்மாதான்" என்றாள் கார்லீன், எல்னோராவைக் காட்டி. "இவதான் சொன்னா."

"இவ என் பொண்டாட்டி" என்றார் வில்பர்ட்.

கார்லீன் எல்னோராவை மேலும் கீழும் பார்த்தாள், மெதுவாக, துணித்தொப்பியிலிருந்து தூக்கிப் பிடித்த பாவாடை வரைக்கும்.

"நானாவது இவரை விட்டுட்டுத்தான் போனேன்" என்றாள். "நீ கொன்னே போட்டுட்டியேம்மா."

அதற்குள் லாவெர்ன் சாசேஜ் கரண்டியோடு வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பின்னால் பாதித் திருவிழா. கழுகுக்கண் முதலில் கார்லீனின் முகத்தில் விழுந்தது.

"கார்லீனா? படுத்த படுக்கையா இருக்கேன்னு எல்னோரா சொன்னாளே?"

"நானா? போன மாசம்கூட மலை ஏறினேன். என்கிட்ட யாரு கேட்டா?"

எல்லாத் தலையும் எல்னோரா பக்கம் திரும்பியது. பாத்திரம் கொண்டுவந்த பெண்கள் பாத்திரத்தை இறக்கி வைக்கவும் முடியாமல் திருப்பிக்கொண்டு போகவும் முடியாமல் நின்றார்கள். பூசி மெழுக இனி ஒன்றும் பாக்கி இல்லை.

"நான் யாரையும் கூப்பிடல" என்றாள் எல்னோரா. "நான்தான் நடக்கணும்னு நெனச்சேன். போதுமா?"

லாவெர்ன் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சரி. சங்கிலி போட்டவளே வந்தாச்சு. அப்ப இன்னைக்கு நடை இவங்க ரெண்டு பேருதான். வழக்கம் வழக்கம்தான்."

வில்பர்ட் எல்னோராவைப் பார்த்தார். "என்ன சொல்ற?"

முடியாது என்று அவர் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். ஒரு மூச்சு காத்திருந்தாள். அவர் ஊர் வழக்கத்தை மீறாத மனுஷன். தொப்பியின் ஓரத்தைத் திருகிக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போ. நட" என்றாள்.

நீலக் கவுன் வீட்டிலேயே தொங்கியது. எதற்கு இனி அது. எல்னோரா வேஷ உடுப்போடயே நடனக்கூடத்துக்குப் போய், மனைவிக்கென்று போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். சாவுக்குச் சமைத்த உருளைக்கிழங்கு சாலட்டும் பன்றித்தொடையும் நீண்ட மேஜையில் பரப்பியிருந்தன. ஊர் அதை ருசித்துச் சாப்பிட்டது. சாப்பிட்டுக்கொண்டே அவளைப் பார்த்தது. டாலஸ் பேருந்துகூடக் கிளம்பாமல் நின்றது. இப்படி ஒரு வேடிக்கையை விட்டுவிட்டு யார் போவார்கள்?

அக்கார்டியன் ஒலிக்க ஆரம்பித்தது. கார்லீன் கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு வில்பர்ட்டின் கையில் தொங்கிக்கொண்டாள். நடக்க வராததால் தொங்கினாளோ, வேண்டுமென்றே தொங்கினாளோ, இரண்டும் எல்னோராவுக்கு ஒன்றுதான். படத்துக்குக் கீழே வந்தபோது கார்லீன் நிமிர்ந்து பார்த்து ஏதோ சொன்னாள். வில்பர்ட் சிரித்தார். எதற்குச் சிரித்தார்? அப்படி என்ன சொன்னாள்? பெஞ்சுக்கு முன்னால் வந்தபோது எல்னோரா கைதட்டினாள். உள்ளங்கை எரியும்படி தட்டினாள். வழக்கம் வழக்கம்தானே.

சுற்று முடிந்தது. கார்லீனை டாலஸ் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். வில்பர்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் மேல் துப்பாக்கி மருந்து வாசனை அடித்தது. முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"அவ உன்னைப் பாக்கக்கூடாதுன்னுதான். நீ அவளோட நடக்கறதை என்னால பாக்க முடியாதுன்னுதான்."

"பாத்துட்டியே."

"பாத்துட்டேன். இன்னும் எரியுது."

அடுத்த பாட்டு ஆரம்பித்தது. சிறுசுகள் ஆட ஓடினார்கள்.

எல்னோரா சாலட் மேஜையைப் பார்த்தபடி கேட்டாள். "மணி அடிச்சப்ப உனக்கு ஒண்ணும் தோணலையா? அறுபத்தெட்டு அடிச்சு நின்னுச்சே. உன் வயசுன்னு உனக்கே தெரியலையா?"

"நான் அதுவரைக்கும் எண்ணலையே."

"எதுவரைக்கும் எண்ணின?"

வில்பர்ட் இதைப் போய்க் கேட்கிறாளே என்பதுபோல் பார்த்தார். "அறுபத்தஞ்சு வரைக்கும்."

அவள் திரும்பினாள்.

"எப்பவும் அவ்வளவுதான் எண்ணுவேன்" என்றார். "எங்கயாவது மணி ஆரம்பிச்சா உன் வயசைத் தாண்டுதான்னு பாப்பேன். இன்னைக்கு அறுபதைத் தொட்டதும் துப்பாக்கியைக் கீழ வெச்சுட்டேன். வெயில்ல வேற அலையறாளேன்னு. அறுபத்தஞ்சுல நிக்காம இன்னொண்ணு அடிச்சான் பாரு, அப்புறம்தான் மூச்சு வந்துச்சு. அதுக்கப்புறம் செத்தது யாரா இருந்தா எனக்கென்ன?"

எல்னோரா கழுத்தில் முடிச்சுப் போட்டிருந்த துணித்தொப்பியை அவிழ்க்கப் பார்த்தாள், முடிச்சு இன்னும் இறுகிக்கொண்டது. வில்பர்ட் குனிந்து முடிச்சை அவிழ்த்துவிட்டார். தொப்பியை வாங்கிப் பெஞ்சில் வைத்துவிட்டு அவள் எழுந்து நின்றாள்.

"வா. இன்னொரு சுத்து. என்னோட."

"முட்டி வலிக்குதுடி."

"அவளோட நடந்தப்ப வலிக்கலையா?"

வில்பர்ட் எழுந்தார்.